ஆண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்: எந்த நாட்டு அணி பலமானது என்று கணக்குப் போடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

2026 பிப்ரவரியில் மிலான் ஒலிம்பிக் தொடங்கும்போது ஆண்கள் பிரிவில் அமெரிக்காவை அசைக்க முடியாது என்றுதான் கிட்டத்தட்ட எல்லோரும் சொன்னார்கள். காரணம் ஒரே ஒரு பெயர், இலியா மலினின். 2024, 2025 இரண்டு உலக சாம்பியன்ஷிப்பும் அவருடையது, அதிலும் 2025 பாஸ்டனில் இரண்டாமிடத்தில் வந்தவரைவிட முப்பது புள்ளிக்கு மேல் அதிகம். மிலானில் முதலில் ஆடும் குறுகிய ஆட்டமான ஷார்ட் புரோகிராம் முடிந்தபோதும் அவர்தான் முதலில் இருந்தார். அடுத்து வரும் நீண்ட ஆட்டமான ஃப்ரீ ஸ்கேட்டில் (இரண்டின் புள்ளியும் சேர்ந்ததுதான் மொத்தம்) ஜம்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட, எட்டாமிடத்துக்குப் போனார். தங்கம் கஜகஸ்தானின் மிகைல் ஷைடோரோவுக்கு. வெள்ளி யுமா ககியாமாவுக்கு, வெண்கலம் ஷுன் சாட்டோவுக்கு, இருவருமே ஜப்பான்.

இதை வைத்து மலினினைக் குறை சொல்ல வரவில்லை, அவர் செய்வதை உலகில் வேறு யாரும் செய்வதில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: பெரிய வீரர் இருக்கும் நாடு வேறு, பலமான அணி இருக்கும் நாடு வேறு. அணியின் பலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முதல் ஆளை விட்டுவிட்டு இரண்டாவது ஆளைப் பாருங்கள், அதுவும் அவர் சுமாராக ஆடிய நாளில் எவ்வளவு எடுத்தார் என்று பாருங்கள். இதைக் கற்றுக்கொள்ள எனக்குச் சில வருடங்கள் ஆயின. நண்பர்களோடு கணிப்புப் போட்டி வைத்து, ஒவ்வொரு மார்ச் மாதமும் தோற்று, அப்புறம்தான் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து ஒழுங்காக எழுத ஆரம்பித்தேன். அந்த நோட்டு முறைதான் கீழே இருப்பது.

படி 1: எந்தப் போட்டிக்காக அளக்கிறோம்?

இதைத் தீர்மானிக்காமல் எண்களை எடுத்தால் எல்லாம் வீண். ஒரே அணி ஒரு போட்டிக்குப் பலமாகவும் இன்னொன்றுக்கு நோஞ்சானாகவும் இருக்கும்.

உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் மூன்று ஆண்கள். அடுத்த வருடம் எத்தனை பேரை அனுப்பலாம் என்பது இந்த வருட முடிவிலிருந்து வருகிறது. இரண்டு பேரோ மூன்று பேரோ ஆடியிருந்தால் அவர்களில் மேலே வந்த இருவரின் இடங்களைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 13 அல்லது அதற்குக் கீழே என்றால் மூன்று இடம், 28 வரை என்றால் இரண்டு, அதைத் தாண்டினால் ஒன்றுதான். ஒருவரே ஆடியிருந்தால் அவர் முதல் இரண்டுக்குள் வந்தால் மூன்று இடம், பத்துக்குள் வந்தால் இரண்டு. ஷார்ட்டில் முதல் 24 பேர்தான் ஃப்ரீ ஸ்கேட் ஆடுவார்கள். அதற்கு வராதவருக்கு இந்தக் கணக்கில் 18 என்று போடுவார்கள்.

ஆக, இரண்டாவது ஆள்தான் முக்கியம் என்பதை விதியே சொல்லிவிடுகிறது. இரண்டு உதாரணம் பார்ப்போம்.

2021 ஸ்டாக்ஹோம் உலக சாம்பியன்ஷிப்பில் அமெரிக்காவின் நேதன் சென் முதலிடம், ஜேசன் பிரவுன் ஏழாமிடம். கூட்டினால் 8, அடுத்த வருட பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு மூன்று இடம் உறுதி என்றுதானே தோன்றும்? ஆனால் ஒலிம்பிக்குக்கு இன்னொரு நிபந்தனை இருந்தது, மூன்றாவது இடம் நேராகக் கிடைக்க மூன்று பேருமே ஃப்ரீ ஸ்கேட்டுக்குப் போயிருக்க வேண்டும். மூன்றாமவரான வின்சென்ட் ஜோ ஷார்ட்டில் 25-ஆம் இடம். ஒரே ஒரு இடத்தில் போய்விட்டது. அந்தச் செப்டம்பரில் ஜெர்மனியில் நடந்த நெபல்ஹார்ன் டிராஃபிக்கு ஜோவே போய், ஜெயித்து, மூன்றாவது இடத்தை மீட்டுக்கொண்டு வந்தார்.

இன்னொன்று தென்கொரியா. 2023 சைத்தாமாவில் அவர்களுக்கு ஆடியது சா ஜுன்-ஹ்வான் ஒருவர்தான், இரண்டாமிடம் வந்தார், அடுத்த வருடத்துக்கு மூன்று இடம் கிடைத்தது. மூன்று பேரை அனுப்பினார்கள், ஆனால் பின்னால் வந்தவர்களால் அந்த உயரத்தைப் பிடிக்க முடியவில்லை, மூன்று இடம் திரும்ப இரண்டாகக் குறைந்தது. ஒருவர் ஏறிய மரத்தில் மற்றவர்களும் ஏறினால்தான் இடம் தங்கும்.

ஒலிம்பிக் டீம் ஈவென்ட் முற்றிலும் வேறு ஆட்டம். பத்து நாடுகள் கலந்துகொள்கின்றன, ஆண்கள், பெண்கள், ஜோடி, ஐஸ் டான்ஸ் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் நாட்டுக்கு ஒருவர் அல்லது ஒரு ஜோடி, ஷார்ட்டில் முதலிடத்துக்கு 10 புள்ளி, அப்படியே ஒவ்வொன்றாகக் குறையும், மேலே இருக்கும் ஐந்து நாடுகள் மட்டும் ஃப்ரீ ஸ்கேட்டுக்குப் போகும். இதில் மூன்றாவது ஆள் எப்படி என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஷார்ட்டை ஒருவரும் ஃப்ரீ ஸ்கேட்டை இன்னொருவரும் ஆடலாம் என்பதால் இரண்டாவது ஆள் இங்கேயும் வருகிறார், அதைப் பின்னால் பேசுவோம். உலக டீம் டிராஃபி என்று ஏப்ரலில் ஒன்று உண்டு, அதில் நாட்டுக்கு இரண்டு ஆண்கள், இருவரின் புள்ளியும் சேரும். அணி பலம் என்பதை நேரடியாகக் காட்டுவது அதுதான், ஆனால் பருவத்தின் கடைசி என்பதால் பாதிப்பேர் களைத்துப்போய், கூத்தும் கும்மாளமுமாக வருவார்கள். அந்த முடிவை ரொம்ப நம்பாதீர்கள்.

படி 2: ஸ்கோர்களைச் சேர்த்து நடு எண்ணை எடுப்பது

ஒரு நாட்டில் முதல் நான்கைந்து ஆண்களின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொருவரும் கடைசியாக ஆடிய ஐந்தாறு சர்வதேசப் போட்டிகளின் மொத்த ஸ்கோரைப் பக்கத்தில் எழுதுங்கள். கிராண்ட் பிரி, சேலஞ்சர், நான்கு கண்டங்கள், ஐரோப்பிய சாம்பியன்ஷிப், உலக சாம்பியன்ஷிப் எல்லாம் சேரும்.

உள்நாட்டுப் போட்டி ஸ்கோரைத் தொடாதீர்கள். தேசிய சாம்பியன்ஷிப்பில் நடுவர்கள் கை தாராளமாக இருக்கும், எல்லா நாட்டிலும். சர்வதேச ஸ்கேட்டிங் யூனியன் அந்த ஸ்கோர்களைத் தன் சாதனைப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. ரஷ்யாவை அளக்க முடியாமல் போனதற்கும் இதுதான் காரணம். 2022 மார்ச்சில் தடை வந்த பிறகு வருடக்கணக்கில் அவர்களிடம் இருந்தது உள்நாட்டு எண்கள் மட்டும்தான், அதை ககியாமாவின் எண்ணோடு ஒப்பிடுவது தெரு கிரிக்கெட் ரன்னை டெஸ்ட் ரன்னோடு கூட்டுவது மாதிரி.

அடுத்து எல்லோரும் செய்யும் தவறு: பெர்சனல் பெஸ்ட்டைப் பார்ப்பது. ஒருவர் மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் எல்லாமே கூடிவந்து எடுத்த எண் அது. அது அவருடைய கல்யாண போட்டோ மாதிரி, தினமும் அந்த முகத்தோடு எழுந்திருக்க மாட்டார்.

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். கடைசி ஐந்து ஸ்கோர்: 300, 262, 281, 275, 244. வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது 275. அதுதான் அவருடைய சாதாரண நாள். 244 மோசமான நாள், 300 திருவிழா நாள். நோட்டில் மூன்று கட்டம் போட்டு நடு, தாழ்வு, உச்சம் என்று மூன்றையும் எழுதுங்கள். சராசரி போடாதீர்கள், ஒரு விபத்து வந்தால் சராசரியை இழுத்துக்கொண்டு போய்விடும், நடு எண் அப்படி ஆடாது.

எத்தனை இருந்தால் நல்ல எண்? அதற்கு உலக சாம்பியன்ஷிப் வெண்கல ஸ்கோரைப் பாருங்கள். 2022-இல் 277.38, 2023-இல் 288.44, 2024-இல் 284.39, 2025-இல் 278.19. ஆக 280 என்று மனதில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் போதும். ஒரு நாட்டில் 280-ஐத் தொடக்கூடியவர் எத்தனை பேர் என்பது நான் கேட்கும் முதல் கேள்வி. உச்சம் 280-ஐத் தொட்டால் அவர் பதக்கக் கனவு காணலாம். நடு எண்ணே 280 என்றால் அவரை மற்றவர்கள்தான் கனவில் பார்க்க வேண்டும்.

ஷார்ட், ஃப்ரீ இரண்டையும் தனித்தனியாகவும் எழுதிவையுங்கள். சிலருக்கு ஷார்ட்டில் கை நடுங்கும். 2024 மாண்ட்ரியலில் பிரான்ஸின் அதாம் சியாவ் ஹிம் ஃபா ஷார்ட்டில் 19-ஆம் இடம், ஃப்ரீயில் எழுந்து வந்து வெண்கலம். பார்க்க அருமை. ஆனால் அணியாக அளக்கும்போது 19 என்பது 25-க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்றுதான் யோசிக்க வேண்டும்.

படி 3: மதிப்பெண் தாளைப் பிரித்துப் படிப்பது

இதைத்தான் நிறையப் பேர் தாண்டிப் போகிறார்கள். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் ஒரு பிடிஎஃப் வரும், புரோட்டோகால் என்பார்கள், ஒவ்வொரு ஜம்புக்கும் ஒவ்வொரு சுழற்சிக்கும் எந்த நடுவர் என்ன போட்டார் என்று அதில் இருக்கும். மொத்த ஸ்கோர் ஒருவர் எவ்வளவு எடுத்தார் என்று மட்டும் சொல்லும். எப்படி எடுத்தார், திரும்ப எடுப்பாரா என்பது இந்தத் தாளில்தான் தெரியும்.

தாளின் அடிப்படை இது. ஒவ்வொரு ஜம்புக்கும் ஒரு அடிப்படை மதிப்பு. அதன் மேல் நடுவர்கள் மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை செய்நேர்த்திக்குப் போடுவார்கள். 2018-19 பருவத்திலிருந்து ஒவ்வொரு படியும் அடிப்படை மதிப்பில் பத்து சதவீதம். உச்சத்தில் ஒன்றையும் அடியில் ஒன்றையும் தள்ளிவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடுப்பார்கள். அப்போதிருந்து பழகிய மதிப்புகள் (குவாட் என்றால் காற்றில் நான்கு சுற்று, ட்ரிபிள் மூன்று, டபுள் இரண்டு; டோ லூப் முதல் ஆக்ஸல் வரை ஜம்ப் வகைகளின் பெயர்கள்): குவாட் டோ லூப் 9.5, சால்காவ் 9.7, லூப் 10.5, ஃப்ளிப் 11, லட்ஸ் 11.5, ஆக்ஸல் 12.5. ட்ரிபிள் ஆக்ஸல் 8, ட்ரிபிள் லட்ஸ் 5.9. விதிகளைக் கோடையில் மாற்றுவார்கள் என்பதால் பருவம் தொடங்கும்போது புதிய அட்டவணையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரே ஒரு ஜம்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம், குவாட் லட்ஸ்.

நன்றாக இறங்கி பிளஸ் 3 வாங்கினால் 11.5 உடன் 3.45 சேர்ந்து 14.95. முழுச் சுற்றும் சுற்றிவிட்டு விழுந்தால் மைனஸ் 5, அதாவது 5.75 போய், விழுந்ததற்கு இன்னொரு புள்ளியும் போய், 4.75 மிஞ்சும். சுற்றும் குறைந்து தாளில் < குறி விழுந்தால் அடிப்படை மதிப்பே எண்பது சதவீதம்தான், 9.2. அதிலிருந்து பாதி போய், வீழ்ச்சிக்கு ஒன்று போய், 3.6. சரி, இந்த வம்பே வேண்டாம் என்று ட்ரிபிள் லட்ஸை அழகாகப் போட்டு பிளஸ் 3 வாங்கினால் 7.67.

பார்த்தால் விழுவது நஷ்டம் மாதிரித் தெரியும். கணக்குப் போட்டால் வேறு கதை. பத்தில் மூன்று முறை நன்றாக இறங்கி ஏழு முறை விழுந்தாலே குவாட், ட்ரிபிளோடு சமமாகிவிடும். ஏன் எல்லோரும் விழுந்து விழுந்து குவாட் போடுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

உண்மையான ஆபத்து விழுவதில் இல்லை, பாதியில் விடுவதில் இருக்கிறது. காற்றில் ஏறி, இது சரிவராது என்று கைகளை விரித்து இரண்டு சுற்றோடு இறங்கிவிடுவதை பாப் என்பார்கள். டபுள் லட்ஸுக்கு அடிப்படை மதிப்பு 2.1. குவாட் சுற்றி விழுந்தவருக்கு 4.75, விழாமல் டபுளாக இறங்கியவருக்குச் சுமார் 2. ஷார்ட் புரோகிராமில் இன்னும் மோசம், தனி ஜம்ப் ட்ரிபிளாகவோ குவாடாகவோ இருக்க வேண்டும், டபுள் போட்டால் பூஜ்யம். அதனால் நான் தாளைப் பார்க்கும்போது வீழ்ச்சிகளை எண்ணுவதற்கு முன் பாப்களை எண்ணுவேன். விழுபவர் துணிந்தவர், அடுத்த ஜம்புக்குத் திரும்ப வருவார். பாப் போட ஆரம்பித்தவருக்கு அன்று மனம் கலைந்துவிட்டது என்று அர்த்தம், ஒன்று வந்தால் பெரும்பாலும் இன்னொன்றும் வரும்.

இன்னும் சில குறிகள். சிறிய க்யூ குறி என்றால் கால் சுற்று குறைந்திருக்கிறது, மதிப்பு குறையாது, செய்நேர்த்தியில் அடிபடும். < என்றால் இருபது சதவீதம் போச்சு. << என்றால் குவாட் ட்ரிபிளாகவே கணக்கிடப்படும். சிறிய ஈ குறி லட்ஸிலோ ஃப்ளிப்பிலோ பிளேடின் தவறான விளிம்பில் ஏறியதற்கு. ஒரு வீரருக்கு ஒரே ஜம்பில் போட்டிக்குப் போட்டி அதே குறி வந்துகொண்டிருந்தால் அது அன்றைய தவறு இல்லை, அவருடைய பழக்கம். இந்தக் குறிகளைப் போடும் தொழில்நுட்பக் குழு கண்டிப்பாக அமைந்த நாளில் அவருடைய ஸ்கோர் இருபது புள்ளி சரியும் என்று இப்போதே நோட்டில் எழுதிவிடலாம்.

அடுத்தது எத்தனை வகை குவாட் என்பது. எத்தனை குவாட் என்பதைவிட இது முக்கியம். ஃப்ரீ ஸ்கேட்டில் ஏழு ஜம்ப் இடங்கள், ட்ரிபிளிலும் குவாடிலும் சேர்த்து இரண்டு வகைகளை மட்டும் இரண்டு முறை போடலாம், அதிலும் ஒன்றுதான் குவாடாக இருக்கலாம். ஆக, இரண்டு வகை தெரிந்தவர் மூன்று குவாடுக்கு மேல் போக முடியாது, நான்கு வகை தெரிந்தவர் ஐந்து வைக்கலாம். ஏழு வைக்க வேண்டுமென்றால் ஆறு வகையும் தெரிய வேண்டும், குவாட் ஆக்ஸல் உட்பட. போட்டியில் குவாட் ஆக்ஸலை முதலில் இறக்கியவர் மலினின், 2022 செப்டம்பரில் லேக் பிளாசிடில். மற்ற எல்லோருக்கும் இரண்டிலிருந்து நான்கு வகை என்பதே பெரிய விஷயம். இன்னொன்று, ஃப்ரீ ஸ்கேட்டின் கடைசி மூன்று ஜம்புகளுக்குப் பத்து சதவீதம் கூடுதல். அங்கே ஒருவர் குவாட் வைத்திருக்கிறாரா, அதைத் தொடர்ந்து இறக்குகிறாரா என்று பார்த்தால் அவருடைய நுரையீரல் எப்படி என்று தெரிந்துவிடும்.

சுழற்சிகள், ஸ்டெப் வரிசை இவற்றின் லெவல்களையும் (எவ்வளவு கடினம் என்பதற்கான தரம், உச்சம் நான்கு) ஓர் ஓரப்பார்வை பாருங்கள். மேல்தட்டில் எல்லோருமே நான்கை ஒட்டித்தான் வாங்குவார்கள், பெரிய வித்தியாசம் அங்கே வராது.

படி 4: கலை மதிப்பெண்

2022-23 முதல் மூன்று பகுதிகள்: நடன அமைப்பு, வெளிப்பாடு, ஸ்கேட்டிங் திறன். ஒவ்வொன்றும் பத்துக்கு. ஆண்களுக்கு ஷார்ட்டில் 1.67-ஆலும் ஃப்ரீயில் 3.33-ஆலும் பெருக்குவார்கள், ஆக மொத்தம் கிட்டத்தட்ட 150 புள்ளி இங்கே இருக்கிறது. மூன்றிலும் அரை மதிப்பெண் கூடினால் இரண்டு ஆட்டமும் சேர்த்து ஏழரைப் புள்ளி கூடும். நம் ஊரில் ஏழரை என்றால் சனி, இங்கே அது லாபம்.

இந்த மதிப்பெண் ஜம்ப் மாதிரி ஒரே நாளில் கவிழாது. அதனால் அணியின் தரைமட்டம் இதுதான். ஜேசன் பிரவுனைப் பாருங்கள், பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஒரு குவாட்கூட இல்லாமல் ஆறாமிடம், 2023, 2024 உலக சாம்பியன்ஷிப்புகளில் ஐந்தாமிடம். இப்படி ஒருவர் அணியில் இரண்டாமிடத்தில் இருந்தால் அந்த நாட்டின் 13 கணக்குக்குக் கவலையில்லை. இவருடைய உச்சம் தங்கத்துக்குப் போதாது, ஆனால் இவருடைய தாழ்வு மற்றவர்களின் நடு எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும். அமெரிக்காவின் மூன்று இடங்களைப் பல வருடம் காத்ததில் நேதன் சென்னுக்கும் மலினினுக்கும் கிடைத்த புகழில் கால்பங்காவது பிரவுனுக்குப் போயிருக்க வேண்டும் என்பது என் வாதம். குவாட் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

படி 5: நான்காவது ஆள் யார்?

மூன்று பேரை அனுப்பும் நாட்டில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நான்காவது, ஐந்தாவது ஆள் எப்படிப்பட்டவர் என்று பார்த்தால் அணியின் ஆழம் தெரியும். இதற்கு ஜப்பானைவிட நல்ல உதாரணம் கிடையாது, ஜப்பானுக்குள் கசுகி டொமோனோவைவிட நல்ல உதாரணம் கிடையாது.

2018 மிலான் உலக சாம்பியன்ஷிப். ஒலிம்பிக்கில் ஜெயித்த யுசுரு ஹன்யு கால் காயத்தால் வரவில்லை. மாற்று ஆளாக வந்த டொமோனோ ஐந்தாமிடம். நான்கு வருடம் கழித்து 2022 மான்ட்பெல்லியே, திரும்பவும் ஹன்யு இல்லை, முதல் மாற்று ஆளான காவ் மியுராவும் காயம், கடைசி நேரத்தில் திரும்பவும் டொமோனோ. ஷார்ட்டில் நூறைத் தாண்டி மூன்றாமிடத்தில் நின்றார். அன்று இரவு போனில் ஸ்கோர் வந்ததும் நான் நோட்டில் அவர் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன், இன்னும் இருக்கிறது. முடிவில் ஆறாமிடம். அந்தப் போட்டியில் ஷோமா உனோ தங்கம், ககியாமா வெள்ளி. இரண்டு முறை ஒலிம்பிக் சாம்பியனான ஒருவர் இல்லாமலேயே ஒரு நாடு முதல் இரண்டு இடங்களையும் எடுத்து, மூன்றாவது ஆளாக ஆறாமிடத்தையும் பிடிக்கிறது. அணி பலம் என்று இதைத்தான் சொல்கிறேன்.

இதைத் தெரிந்துகொள்ள டிசம்பர் கடைசியில் நடக்கும் அகில ஜப்பான் சாம்பியன்ஷிப்பைப் பாருங்கள். ஸ்கோரை நம்ப வேண்டாம் என்று மேலே நானே சொன்னேன், உண்மைதான், ஆனால் வரிசையை நம்பலாம். அங்கே ஐந்தாமிடம் வருபவரைப் பல நாடுகள் தங்கள் முதல் ஆளாகக் கூப்பிட்டு உட்காரவைக்கும்.

எதிர்ப்பக்கம் ஸ்பெயின். ஹவியர் ஃபெர்னாண்டஸ் 2015, 2016 இரண்டு வருடமும் உலக சாம்பியன், 2018-இல் ஒலிம்பிக் வெண்கலம். 2019 ஜனவரியில் தொடர்ந்து ஏழாவது ஐரோப்பிய பட்டத்தோடு விடைபெற்றார். அவரோடு ஸ்பெயின் ஆண்கள் அணியின் பதக்கக் கணக்கும் விடைபெற்றது.

படி 6: ஜூனியர்கள்

ஜூனியர் கிராண்ட் பிரி ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும், யூனியனின் யூடியூப் சேனலிலேயே இலவசமாகப் பார்க்கலாம். அங்கே பார்க்க வேண்டியது யார் ஜெயித்தார் என்பதை அல்ல, ஒரு நாட்டிலிருந்து எத்தனை பேர் ட்ரிபிள் ஆக்ஸலைச் சிரமமில்லாமல் போடுகிறார்கள் என்பதை. குவாட் பிறகு வரும், ட்ரிபிள் ஆக்ஸல் இல்லாமல் சீனியரில் நிற்க முடியாது.

ஜப்பானில் 2023-இல் மியுராவும் 2025-இல் ரியோ நகாட்டாவும் ஜூனியர் உலக சாம்பியன்கள். ககியாமா 2020 இளையோர் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர், சாட்டோ 2019 ஜூனியர் கிராண்ட் பிரி ஃபைனலில் ஜெயித்தவர். இது தானாக நடப்பதில்லை. நாகானோ மாகாணத்து நோபேயாமாவில் கோடையில் ஒரு முகாம் நடத்தி, நாடு முழுவதிலிருந்தும் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, யாரிடம் என்ன இருக்கிறது என்று அந்த வயதிலேயே பார்த்துவிடுகிறார்கள். மலினின் கதை வேறு மாதிரி, அப்பா அம்மா இருவருமே உஸ்பெகிஸ்தானுக்காக ஒலிம்பிக்கில் ஆடிய ஸ்கேட்டர்கள், அவர்களே பயிற்சியாளர்கள். வீட்டிலிருந்து மேதை வரலாம். அடுத்தடுத்து ஆறு பேர் வர வேண்டுமென்றால் முகாம் வேண்டும்.

படி 7: காயமும் நாள்காட்டியும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குவாட் போடும் கால் ஒவ்வொரு இறக்கத்திலும் அடி வாங்குகிறது. 2017 நவம்பரில் என்எச்கே டிராஃபி பயிற்சியில் குவாட் லட்ஸ் போடப்போய் ஹன்யுவின் வலது கணுக்கால் போனது, மூன்று மாதம் கழித்து நேராக ஒலிம்பிக்குக்கு வந்து தங்கம் வாங்கினார். அவர் ஹன்யு. எல்லோரும் ஹன்யு இல்லை. ககியாமா 2022-23 பருவத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாக இழந்தார், அடுத்த வருடம் திரும்பி வந்தபோது உடனே எல்லாக் குவாடும் வரவில்லை. காயத்திலிருந்து வருபவருக்கு நடு எண்ணை எடுக்காதீர்கள், தாழ்வு எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு பருவத்துக்கு.

அக்டோபரில் ஒருவர் பிரமாதமாக ஆடினால் உடனே பெயரைப் பெரிதாக எழுதாதீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் உச்சத்துக்கு வருவதுதான் அணியின் வேலை. கடந்த இரண்டு மூன்று பருவத்தில் அவருடைய அக்டோபர் ஸ்கோரையும் மார்ச் ஸ்கோரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், ஏறுபவர் யார் இறங்குபவர் யார் என்று கண்ணில் படும்.

படி 8: எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் வைப்பது

ஒரு நாட்டுக்கு ஒரு பக்கம். முதல் மூன்று ஆண்களின் நடு, தாழ்வு, உச்சம், அவர்களுக்குக் கீழே நான்காவது ஆளின் நடு எண். எந்தப் போட்டியோ அதற்கேற்ப எண்ணை எடுங்கள்.

உலக சாம்பியன்ஷிப் இடங்களுக்கு: முதல் இருவரின் நடு எண்ணைக் கூட்டுங்கள், அப்புறம் இரண்டாவது ஆளின் தாழ்வைத் தனியாக வட்டமிடுங்கள். அது 240-க்குக் கீழே என்றால் அந்த நாடு ஒரு மோசமான சனிக்கிழமையில் ஓர் இடத்தை இழக்கும். பதக்கங்களுக்கு: உச்சம் 280-ஐத் தொடுபவர்களை எண்ணுங்கள். டீம் ஈவென்ட்டுக்கு: சிறந்த ஷார்ட் யாருடையது, சிறந்த ஃப்ரீ யாருடையது, அது ஒரே ஆளா?

கடைசிக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. 2022 பெய்ஜிங் டீம் ஈவென்ட்டில் அமெரிக்கா ஷார்ட்டுக்கு சென்னையும் ஃப்ரீக்கு ஜோவையும் இறக்கியது (நேதன் சென், நம் சென்னை அல்ல), சென் தனிநபர் போட்டிக்கு ஓய்வோடு வந்தார், தங்கம் வாங்கினார். ஜப்பானும் உனோ, ககியாமா என்று பிரித்துக்கொண்டது. 2026 மிலானில் ஜப்பான் அதே மாதிரி ககியாமாவை ஷார்ட்டிலும் சாட்டோவை ஃப்ரீயிலும் இறக்கியது. அமெரிக்கா இரண்டிலும் மலினினையே இறக்கியது. கடைசி ஆட்டத்துக்கு முன் இரண்டு நாடும் 59-59 என்று சமமாக நின்றன. மலினின் சாட்டோவை முந்த, 69-68 என்று தங்கம் அமெரிக்காவுக்கு.

அந்தத் தங்கத்துக்கு மலினின் தேவைப்பட்டார் என்பது நிஜம். அதனால்தான் தனிநபரில் கவிழ்ந்தார் என்று நான் சொல்ல மாட்டேன், ஒலிம்பிக் அழுத்தம் என்பது அவரவர் நெஞ்சுக்குள் நடக்கிற விஷயம். ஆனால் என் நோட்டில் அமெரிக்கப் பக்கத்தில் சிறந்த ஷார்ட், சிறந்த ஃப்ரீ இரண்டு கட்டத்திலும் ஒரே பெயர் இருந்தது. ஜப்பான் பக்கத்தில் 280-ஐ எட்டக்கூடியவர்கள் கட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் இருந்தது. ஒருவர் தடுக்கினாலும் இன்னொருவர் மேடையில் நிற்பார் என்பதற்கு அதுவே போதும், அங்கே இருவருமே நின்றார்கள்.

என் முறை பிடிக்காமல் விட்டது ஷைடோரோவை. கஜகஸ்தானை ஓர் அணியாக அளந்தால் என் பட்டியலில் எங்கோ கீழே வரும், நான் அந்தப் பக்கத்தை நிரப்பக்கூட இல்லை. இத்தனைக்கும் 2025 பாஸ்டனில் இரண்டாமிடம் வந்தவர், ட்ரிபிள் ஆக்ஸலுக்குப் பின்னால் குவாட் சால்காவைச் சேர்த்துப் போடும் ஆள். அணி பலமும் தங்கமும் வேறு வேறு என்று மேலே எழுதியவனே அவரைக் கவனிக்கவில்லை. இப்போது நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனி ஆட்களுக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன், முதல் பெயர் ஷைடோரோவ், அவருக்குக் கீழே பென்சிலால் நாலைந்து பெயர்.